வேலை பார்க்கிற பெண்ணுக்கு டாக்டர் சீட் கிடைக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

(மானகிரியில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி உயிரியல் ஆசிரியை ஒருவர் பேசியது. உறுப்பினர்கள் கேட்டுக் கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



போன மாதக் கூட்டத்தில் ஒரு கடன் மனு வந்ததாகச் சொன்னார்கள். மனு கொடுத்த உறுப்பினருக்கு வயது 31. ரெண்டு பிள்ளைங்க. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம்ம குழுக்களிலிருந்து தன்னார்வலர்களை எடுத்தார்களே, அதில் சேர்ந்து வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்தவர். அவர் கேட்ட கடன் கறவை மாட்டுக்கு இல்லை, தையல் மெஷினுக்கும் இல்லை. நீட் கோச்சிங்கில் சேர 60,000 ரூபாய். மனுவை வாசித்ததும் பாதிப் பேர் சிரித்தார்களாம். மீதிப் பேர் கைதட்டினார்களாம். தீர்மான நோட்டில் ஒன்றும் எழுதாமலே கூட்டம் முடிந்து விட்டது. அதனால்தான் தலைவி அம்மா என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், நீங்க வந்து ஒரு வழி சொல்லிட்டுப் போங்க" என்றார்கள்.

சிரித்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை, தட்டினவர்கள் மேலும் இல்லை. ஆனால் ரெண்டு பேருமே கணக்குப் பார்க்கவில்லை. ஒருத்தர் ஆட்டுக் கடன் கேட்டால் நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! கொட்டகை இருக்கா, மேய்ச்சலுக்கு யார் போவா, தீவனத்துக்கு என்ன வழி, ஏற்கெனவே வாங்கின கடன் எவ்வளவு பாக்கி என்று குடைந்து எடுக்கிறோம். அதே மாதிரி இந்த மனுவையும் குடைய வேண்டாமா? அதைத்தான் இன்றைக்குச் செய்யப் போகிறோம். அந்தத் தங்கையும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மட்டும் இல்லை, மானகிரி ரோட்டு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை, லேப் வேலை பார்க்கிற நம்ம பெண்கள் எத்தனையோ பேர் மனசில் இந்த ஆசை கிடக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் கசப்பானதைச் சொல்லி விடுகிறேன். எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு நீங்கள் பார்த்த வேலை ஒரு மார்க் கூடச் சேர்க்காது. ஐந்து வருஷம் ஊர் ஊராக நடந்து பிரஷர் பார்த்திருந்தாலும் சரி, பத்து வருஷம் பிரசவ வார்டில் நின்றிருந்தாலும் சரி, அதற்கு என்று ஒரு கட்டம் விண்ணப்பத்தில் கிடையாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் செய்த வேலை, சேவை என்று 15 வரைக்கும் எழுத இடம் உண்டு. அப்புறம் நேரில் கூப்பிட்டுப் பேசிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். "நம்ம ஊர்லயும் அப்படி வச்சா என்ன டீச்சர்?" என்று கேட்பீர்கள். இருந்தது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நேர்காணல் இருந்தது, அதற்கு 75 மார்க். அந்த மார்க் போட்ட விதம் சரியில்லை என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1970-ல் தீர்ப்பு வந்தது. நேர்காணல் என்றால் யாருக்குச் செல்வாக்கு இருக்கிறதோ அவர்களுக்குத்தான் மார்க் என்று நம்ம ஜனங்களுக்கு ஒரு பயம் அப்போதிருந்தே உண்டு. பிறகு 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. 2007-லிருந்து பிளஸ் டூ மார்க் மட்டும். 2017-லிருந்து நீட். நீட் வேண்டாம் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021-லும் 2022-லும் மசோதா நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டு விட்டது என்று முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நீட் நல்லதா கெட்டதா என்று பேச இன்னொரு நாள் வைத்துக் கொள்ளலாம். இன்றைய கணக்கில் அது வாசல்படி.

ஆனால் இதில் நமக்குச் சாதகமும் ஒன்று இருக்கிறது. வேலை அனுபவத்துக்கு மார்க் இல்லை என்றால், "இத்தனை வருஷம் படிப்பை விட்டுட்டு என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தே?" என்று கேட்கவும் அங்கே ஆள் இல்லை. இடையில் பி.காம். படித்திருந்தாலும், முறுக்குச் சுட்டு விற்றிருந்தாலும், மார்க் வந்தால் பேர் பட்டியலில் ஏறும்.

வயசுக்கு வருவோம். குறைந்த வயது 17. மேல் வரம்பு இப்போது கிடையாது. முன்பு பொதுப் பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று வைத்திருந்தார்கள். அது கோர்ட்டில் இழுபறியாகக் கிடந்து, 2022 மார்ச்சில் வரம்பே இல்லை என்று அறிவிப்பு வந்தது. எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. ஆகவே 31 வயதைக் காட்டி அந்தத் தங்கை மனுவைத் தள்ளுபடி செய்ய முடியாது.

கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற பிறகு டாக்டர் படிப்பா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ல் முதன்முதலாக நாலு பெண்களைச் சேர்த்தார்கள். அதில் ஒருவர் மேரி ஷார்லீப். வெள்ளைக்கார வக்கீலின் மனைவி, வயது முப்பது, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். ஆண் டாக்டரிடம் காட்டக் கூடாது என்று கோஷாப் பெண்கள் பிரசவத்தில் சாவதைக் கேள்விப்பட்டு, முதலில் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொண்டார். அது போதாது என்று கல்லூரியில் சேர்ந்து 1878-ல் முடித்தார். திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் வாய்வழக்கில் சொல்கிறார்களே, கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி, அதை 1885-ல் தொடங்கியவர் அவர்தான். நம்ம பக்கத்து ஊர் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அதே கல்லூரியில் சேர்ந்தது 1907-ல். ஆக, பிள்ளை பெற்றவள் அந்த வகுப்பில் உட்கார்ந்தது முத்துலட்சுமி அம்மையாருக்கும் 32 வருஷம் முந்தின கதை.

இப்போது பேப்பரில் வந்த சேதிகளுக்கு வருகிறேன். அந்தத் தங்கை மனுவோடு ஒரு பேப்பர் துணுக்கை ஒட்டிக் கொடுத்திருந்தார். 2025-ல் தென்காசிப் பக்கத்தைச் சேர்ந்த 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒரு அம்மா, மகள் நீட்டுக்குப் படித்த புத்தகத்தையே தானும் படித்து எழுதி, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் சீட் வாங்கினார். படித்தபோது எனக்கும் சந்தோஷம். சின்ன வயதில் டாக்டர் ஆகணும் என்று நினைத்து, கிடைக்காமல் வேறு படிப்புக்குப் போனவர் அவர். ஆனால் தங்கச்சி, துணுக்கைக் கடைசி வரி வரை படிக்கணும். அந்த அம்மா எடுத்த மார்க் 147. மகள் எடுத்தது 460. அம்மாவுக்குச் சீட் கிடைத்தது மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில். நூற்றுக்கு ஐந்து இடம் அவர்களுக்கு உண்டு, அது அவர்கள் உரிமை. இதே மாதிரி ஒடிசாவில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 2020-ல் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். அதுவும் மாற்றுத்திறனாளி ஒதுக்கீடுதான். நம்ம கூட்டமைப்பில் 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் என்று சான்று வைத்திருக்கிற பெண்கள் இருந்தால் இதைக் காதில் போட்டுக் கொள்ளுங்கள், உங்களுக்கு உண்மையிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்தச் சான்று இல்லாதவர்கள் 147 மார்க்கைப் பார்த்து, "இவ்வளவு எடுத்தா போதுமா!" என்று கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள்.

மூன்றாவது சேதி தருமபுரியில். ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 61. அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுப் பட்டியலில் பேர் வந்து, 2022 ஜனவரியில் கலந்தாய்வுக்குப் போனவர், இளைய பிள்ளைக்குப் போகட்டும் என்று மகன் சொன்னதைக் கேட்டு விட்டுக் கொடுத்து விட்டு வந்தார். நல்ல மனசுதான். ஆனால் இதைச் சொல்லி 31 வயதுப் பெண்ணிடம், "நீயும் சின்னப் பிள்ளைகளுக்கு விட்டுக் கொடு" என்று யாராவது ஆரம்பித்தால் நான் ஒத்துக் கொள்ள மாட்டேன். 37 வயதில் டாக்டராக வெளியே வந்தால் இன்னும் முப்பது வருஷம் ஊசி போடலாம். விட்டுக் கொடுப்பதை நாம் பிறந்ததிலிருந்தே செய்து கொண்டுதான் இருக்கிறோம்.

சரி, மனுவைக் குடைவோம்.

பிளஸ் டூவில் என்ன குரூப்? இங்கேதான் பாதிப் பேர் நின்று விடுவார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நாலும் இருக்க வேண்டும். தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்திருந்தாலும் சரிதான். "நானும் சயின்ஸ் குரூப்தான் டீச்சர்" என்று சொல்கிறவர்களில் சிலர் தொழிற்பிரிவில் நர்சிங் குரூப் படித்தவர்கள். அதில் வார்டு வேலை நன்றாகக் கற்றுக் கொடுத்தார்கள், ஆனால் இயற்பியலும் வேதியியலும் மார்க் ஷீட்டில் இல்லையென்றால் நீட் எழுத முடியாது. பத்தாவது முடித்த வயதில், ஆஸ்பத்திரிக்குப் போக நர்சிங் குரூப்தான் நேர்வழி என்று நினைத்து எடுத்த பிள்ளைகள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. விட்டுப் போன பாடத்தை அங்கீகாரம் பெற்ற கல்வி வாரியத்தில் கூடுதல் பாடமாகப் பின்னால் எழுதித் தேறினாலும் ஏற்கலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் சொல்லி விட்டது. அது ஒரு வருஷ வேலை. அதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

அடுத்து, எந்தப் பள்ளிக்கூடம்? இதை நிதானமாகக் கேளுங்கள், செட்டிநாட்டில் இது பெரிய விஷயம். 2020-ல் தமிழ்நாடு அரசு சட்டம் போட்டு, அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு கொடுத்தது. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஏழைப் பெண்ணுக்கு இதை விடப் பெரிய உதவி இல்லை. ஆனால் அது அரசுப் பள்ளிக்கு மட்டும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. நம்ம பக்கத்தில் நகரத்தார் கட்டி வைத்த பள்ளிக்கூடம் எத்தனை! சம்பளம் கட்டாமல் படித்தோம், சத்துணவு சாப்பிட்டோம், வாத்தியாருக்குச் சம்பளம் அரசு கொடுத்தது, ஆகவே அது கவர்மென்ட் பள்ளிக்கூடம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை. அது உதவி பெறும் பள்ளி. ஆறு, ஏழு, எட்டு மட்டும் அங்கே படித்து விட்டு மேல்நிலைக்கு அரசுப் பள்ளிக்கு வந்திருந்தாலும் கணக்கு உடைந்து விடும். (கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்த பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.) எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஒரே தெருவில் ஒரே கஷ்டத்தில் வளர்ந்த ரெண்டு பிள்ளைகள், பள்ளிக்கூடப் பலகையில் எழுதியிருக்கிற ஒரு வார்த்தையால் பிரிகிறார்கள். ஆனாலும் சட்டம் அப்படி இருக்கிறது. அதனால் உங்கள் டி.சி.யை எடுத்துப் பாருங்கள். ஆறாவதிலிருந்து ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி என்று ஒரு தாளில் எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய், "இது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா?" என்று நேரடியாகக் கேளுங்கள். ஒதுக்கீட்டுக்கு அவர் கையெழுத்துப் போட்ட சான்று எப்படியும் வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முந்தின வருகைப் பதிவேட்டைத் தேடச் சொல்வது கடைசி வாரத்தில் நடக்கிற காரியம் இல்லை.

இன்னொரு சங்கடம், இது பெண்களுக்கு மட்டும் வருவது. இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் வீட்டுக்காரர் பேர். ரேஷன் கார்டில் ஒரு பேர், பேங்க் பாஸ் புத்தகத்தில் இன்னொரு எழுத்துக் கூட்டல். நம்ம குழுக் கணக்குத் தொடங்கும்போதே இதில் எத்தனை பேர் அலைந்தோம், ஞாபகம் இருக்கா? பரீட்சை விண்ணப்பத்தில் பேர் பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ளபடி இருக்க வேண்டும், அடையாள அட்டையும் அதற்குப் பொருந்த வேண்டும். மருத்துவக் கல்லூரியில் சேரப் போகும்போது எல்லாச் சான்றும் ஒரே ஆளுடையது என்று காட்ட வேண்டும். விண்ணப்பம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே இ-சேவை மையத்தில் போய்ச் சரி பண்ணி விடுங்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று இரண்டையும் அதே நடையில் பார்த்துக் கொள்ளலாம்.

இப்போது மார்க். 2025 நீட்டில் 180 கேள்வி, 180 நிமிஷம், மொத்தம் 720 மார்க். சரியான விடைக்கு 4. தப்புக்கு ஒரு மார்க் கழிவு. தமிழிலும் எழுதலாம். உயிரியல் 90 கேள்வி, இயற்பியல் 45, வேதியியல் 45. ஆக பாதி மார்க் உயிரியலில் இருக்கிறது. இது நமக்கு நல்ல சேதி. சுகர் ஏன் வருகிறது, இன்சுலின் எங்கே சுரக்கிறது, ரத்த அழுத்தத்தில் மேல் எண் என்ன, கீழ் எண் என்ன என்று தினம் வீட்டு வாசலில் விளக்கிச் சொன்ன பெண்ணுக்கு அந்தப் பாடம் வெறும் மனப்பாடம் இல்லை. வேலை அனுபவத்துக்கு மார்க் இல்லை என்று சொன்னேன், படிக்கிறபோது அது உதவாது என்று சொல்லவில்லை. இயற்பியல்தான் இடறும். பன்னிரண்டு வருஷம் கழித்து இயற்பியல் கணக்கைத் தொடும்போது கண்ணைக் கட்டும். அதற்குக் கோச்சிங் தேவைப்படலாம்.

"தகுதி மார்க்" என்று ஒன்று சொல்வார்கள். 2025-ல் பொதுப் பிரிவுக்கு 144, பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிரிவுகளுக்கு 113. இதை எடுத்தால் "நீட் பாஸ்" என்று ஊரில் போஸ்டர் கூட ஒட்டுவார்கள். பாஸ் வேறு, சீட் வேறு. பாஸ் என்பது பந்தி நடக்கிற மண்டபத்துக்குள் விடுவது மாதிரி. இலை கிடைக்குமா என்பது உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒன்றுமே தெரியாமல் 180 கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் என்ன வரும்? நாலில் ஒன்று சரியாகும், 4 மார்க். மூன்று தப்பு, 3 கழிவு. நாலு கேள்விக்கு ஒரு மார்க் மிச்சம், மொத்தம் 45. ஆக 45 என்பது பூஜ்யம். நீங்கள் படித்ததற்கு வரும் மார்க் அதற்கு மேல்தான் ஆரம்பிக்கிறது.

சீட் எத்தனை என்று பார்ப்போம். நம்ம மாவட்டத்துச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 2012-ல் 100 இடத்தோடு தொடங்கியது. அந்த 100-ல் 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மிச்சம் 85. அதில் 7.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஆறு இடம். அந்த ஆறையும் சாதிப் பிரிவு வாரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இதே மாதிரி புதுக்கோட்டை, ராமநாதபுரம், விருதுநகர், மதுரை என்று எல்லாக் கல்லூரியிலும் சேர்த்துத்தான் போட்டி. தனியார் கல்லூரிகளிலும் இந்த ஒதுக்கீட்டுக்குச் சில இடம் உண்டு. ஒவ்வொரு வருஷமும் தேர்வுக் குழு அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுக்குத் தனித் தரவரிசைப் பட்டியல் வெளியிடுகிறது, யாருக்கு எந்தச் சீட் என்பதும் வரும். போன வருஷத்துப் பட்டியலை இ-சேவை மையத்தில் அச்செடுத்து வாருங்கள். உங்கள் பிரிவில் கடைசியாக எம்.பி.பி.எஸ். வாங்கிய பிள்ளையின் மார்க் என்ன என்று விரல் வைத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் இலக்கு. பேப்பரில் வந்த அம்மாவின் மார்க் உங்கள் இலக்கு இல்லை.

இலக்கு தெரிந்து விட்டது, இப்போது எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். அதற்கு 60,000 ரூபாய் தேவையில்லை. போன வருஷத்து வினாத்தாள் தமிழிலேயே கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு மதினியிடம் விட்டு விட்டு, போனை அணைத்து விட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். விடைத்தாளை வேறு ஒருத்தர் திருத்தட்டும், கழிவு மார்க்கோடு. முதல் தடவை நூறு வந்தால் மோசம் இல்லை என்பேன். புதிய பதினொன்று, பன்னிரண்டு புத்தகங்களை வாங்கிப் படியுங்கள். உங்கள் காலத்துப் புத்தகம் இப்போது இல்லை, பாடத்திட்டமே மாறி விட்டது. மூன்று மாதம் கழித்து இன்னொரு வருஷத்து வினாத்தாளை எழுதுங்கள். முதல் மார்க்குக்கும் ரெண்டாவது மார்க்குக்கும் உள்ள தூரம்தான் உண்மையான ஜோசியம். நூறு இருநூறாகி இருந்தால் அந்தப் பெண்ணுக்கு நான் தைரியமாகக் கையெழுத்துப் போடுவேன். நூறு நூற்றுப் பத்து ஆகியிருந்தால், படிப்பில் குறையா, நேரம் கிடைக்கவில்லையா என்று உட்கார்ந்து பேச வேண்டும்.

பெரும்பாலும் நேரம்தான். காலையில் நாலிலிருந்து ஐந்தரை, ராத்திரி பத்திலிருந்து பதினொன்றரை, ஆக நாளைக்கு மூன்று மணி நேரம். வாரத்தில் ஒரு நாள் காய்ச்சல், விசேஷம், பிள்ளைக்குப் பரீட்சை என்று போய் விடும். வாரத்துக்கு 18 மணி நேரம், வருஷத்துக்கு 900. கோச்சிங்கில் உட்காரும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது மூன்று மாதக் கணக்கு. அதனால் ஒரே வருஷத்தில் நடந்து விடும் என்று யாரும் ஆசை காட்ட வேண்டாம். ரெண்டு, மூன்று தடவை எழுதுவது அவமானமும் இல்லை. 2021-ல் நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு கொடுத்த அறிக்கையில், 2020-21-ல் தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் திரும்ப எழுதினவர்கள்தான் என்று இருக்கிறது. வருஷம் முழுக்க வேறு வேலை இல்லாமல் திரும்ப எழுத வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளோடுதான் நமக்குப் போட்டி என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சீட் கிடைத்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். அப்புறம்? நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆயிரக் கணக்கில்தான், லட்சக் கணக்கில் இல்லை. 7.5-ல் வந்தால் அதுவும் அரசு. உண்மையான செலவு கட்டணம் இல்லை, நின்று போகிற வருமானம். மாதம் 8,000 ரூபாய் கொண்டு வருகிற பெண் என்றால் 54 மாதத்துக்கு 4,32,000 ரூபாய் வீட்டுக்கு வராது. பயிற்சி வருஷத்தில் உதவித்தொகை உண்டு, அதனால் அதைச் சேர்க்கவில்லை. இந்த நாலே கால் லட்சத்தை யார் ஈடு கட்டுவது? வீட்டுக்காரர் சம்பளம் போதுமா? ஏற்கெனவே உள்ள குழுக் கடன் தவணை? சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், முதல் வருஷப் பரீட்சைக்கு நாலு வாய்ப்புதான் என்று 2023 விதி சொல்கிறது. ஒரு பிரசவம், மாமியாருக்கு ஒரு பக்கவாதம் என்று வந்தாலும் அந்த ஒன்பது வருஷத்துக்குள் தாங்குமா? இதை அந்தத் தங்கை மட்டும் யோசித்தால் போதாது, வீட்டுக்காரரையும் மாமியாரையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். "படிக்கட்டும், வேண்டாங்கல" என்பது பதில் இல்லை. "சோறு நான் ஆக்கறேன்" என்று யார் சொல்கிறார்கள், அதுதான் பதில். நாம் ஜாமீன் கையெழுத்து யார் என்று கேட்கிறோம் இல்லையா, அதே மாதிரி.

இன்னொரு எச்சரிக்கை. நீட்டில் மார்க் வராதவர்களை வலை போட்டுப் பிடிக்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் டாக்டர் படிப்பு, நகையை வைத்தால் போதும் என்பார்கள். வெளிநாட்டில் படித்து வந்து இங்கே டாக்டராக வேண்டும் என்றாலும் நீட் தகுதி மார்க் வேண்டும். படித்து முடித்து வந்து இங்கே இன்னொரு பரீட்சை எழுத வேண்டும், அதில் தேறுகிறவர்கள் பாதிக்கும் கீழே. குழுப் பணம் அந்தப் பக்கம் ஒரு ரூபாய் போகக் கூடாது என்று தீர்மானமே போட்டு வையுங்கள்.

எம்.பி.பி.எஸ். எட்டாவிட்டால் ஆஸ்பத்திரிக் கதவே மூடி விடுவதில்லை. சித்த மருத்துவப் பட்டப் படிப்பு இருக்கிறது, அதற்கும் நீட் வேண்டும், ஆனால் போட்டி இந்த அளவுக்கு இருக்காது. பி.எஸ்சி. நர்சிங், லேப் டெக்னீஷியன் படிப்புகள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்கில் கிடைக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு வயது வரம்பு உண்டு என்பதால், நீட்டையே நம்பி வருஷத்தைக் கடத்துவதற்கு முன் அந்த அறிவிப்புகளையும் பார்த்து விடுங்கள். 31 வயதில் திறந்திருக்கிற கதவு 36 வயதில் மூடியிருக்கலாம்.

ஆகவே மனு மேல் என் யோசனை இது. 60,000-ஐ இப்போது கொடுக்க வேண்டாம். தள்ளுபடியும் செய்ய வேண்டாம். புத்தகத்துக்கும் வினாத்தாளுக்கும் 3,000 ரூபாய் சங்கக் கடனாகக் கொடுங்கள். அந்தத் தங்கை நர்சிங் குரூப் இல்லை, நாலு பாடமும் படித்தவர் என்று மார்க் ஷீட்டில் பார்த்து விட்டேன். எட்டாவது வரை படித்த பள்ளி எது என்பதில்தான் சந்தேகம் இருக்கிறது, அதை அவர் இந்த வாரம் போய்க் கேட்டு வரட்டும். ரெண்டாவது வினாத்தாள் எழுதி வரும் நாளில் கோச்சிங் மனுவைத் திரும்ப எடுத்து வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

இதே எண்ணம் உள்ள மற்றவர்கள் அடுத்த மாதம் வரும்போது பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று, ஆதார் எல்லாவற்றிலும் ஒரு நகல் கொண்டு வாருங்கள். அசல் வேண்டாம், பஸ்ஸில் தொலைத்து விடுவீர்கள். மார்க் ஷீட்டே தொலைந்தவர்கள் அதையும் சொல்லுங்கள், நகல் வாங்க மனு எழுதித் தருகிறேன். வினாத்தாள் பத்து செட் நான் கொண்டு வருகிறேன். கூட்டம் பத்து மணிக்கு என்றால் ஒன்பதரைக்கே வந்து விடுங்கள்.